பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டியை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா?

கேள்வி: பல வருடம் ஷெட்டில் கிடந்த பெட்ரோல் கோல்ஃப் வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இதைச் சரிசெய்து, உயரம் கூட்டி, பெரிய டயர் மாட்டி, பின்னால் ஒரு சீட் வைத்து, வேகத்தையும் கூட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பெரிய இன்ஜின் மாற்றலாமா?

பதில்: வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஸ்பானர் செட், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், உறுதியான ஜாக் ஸ்டாண்ட் இரண்டு இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஆனால் டயரையும், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். வண்டி பழைய உருவத்திலேயே ஒழுங்காக ஓட வேண்டும், ஒழுங்காக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, அப்புறம் இழுவை இல்லையே என்று தேடினால், கோளாறு வண்டியோடு வந்ததா, நீங்கள் புதிதாகச் சேர்த்ததா என்றே தெரியாது.

முதலில் சேஸிஸைப் பாருங்கள். இரும்புச் சேஸிஸ் என்றால் பேட்டரித் தட்டைச் சுற்றியும் பின்பக்கமும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். மழுங்கிய சத்தம் வந்தாலோ, செதில் செதிலாகத் துரு உதிர்ந்தாலோ, இன்ஜினில் காசு போடும் முன் நன்றாக யோசியுங்கள். கிளப் கார் கம்பெனி வண்டிகளில் இருப்பது மாதிரி அலுமினியச் சேஸிஸ் துருப்பிடிக்காது. ஆனால் பேட்டரி ஆசிட் அதையும் அரிக்கும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். பிளக்கைக் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து அளக்கவும். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. சில இன்ஜின்களில் ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்ரஷனைத் தானாகக் குறைக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் கேஜ் குறைவாகத்தான் காட்டும், பயந்துவிடாதீர்கள்; அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஸ்பார்க் வரவில்லை என்றால், காயிலை மாற்றும் முன் இன்ஜினை நிறுத்தும் கில் வயரைப் பிரித்துப் பாருங்கள். பெடலுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் துருப்பிடித்து அந்த வயர் எர்த் ஆகியே கிடப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கிடந்த வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் பெட்ரோல் மேல்தான். பழைய பெட்ரோல் பிசின் மாதிரி இறுகி, கார்புரேட்டரில் பைலட் ஜெட் என்ற நுண்ணிய துளையை அடைத்துவிடும். டேங்கைக் காலிசெய்து, ட்யூபும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துளை தலைமுடி அளவுதான் இருக்கும். கம்பியால் குத்தினால் பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பெட்ரோல் பம்பையும் விடாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் இது மின்சாரத்தில் ஓடுவதில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் (இன்ஜினின் அடிக்கூடு) உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சிறிய ட்யூப் வழியே வந்து பம்பின் டயஃப்ரத்தை, அதாவது அதன் மெல்லிய சவ்வை, அசைக்கும். அந்த ட்யூபில் மெல்லிய வெடிப்பு இருந்தால்கூட பம்ப் வேலை செய்யாது. ட்யூபைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலிலும் கலந்திருக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் தெரிந்துவிடும். ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஸ்டார்ட்டர், டைனமோ இரண்டும் இந்த வண்டிகளில் ஒரே யூனிட். இன்ஜினைச் சுற்றிவிடுவதும் அதுதான், அப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதுதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் அதன் பெல்ட் தளர்ச்சியையும் எர்த் கேபிளையும் பாருங்கள். இந்தச் சோதனையெல்லாம் கதவு திறந்த இடத்தில்தான். மூடிய ஷெட்டில் இன்ஜின் புகை ஆளைக் கொல்லும்.

இனி கிளட்ச். ‘இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது’ என்று சொல்பவர்கள் பலருக்கும் பிரச்சினை இன்ஜினில் இருப்பதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ள அதே ஏற்பாடுதான்: இன்ஜின் பக்கம் ஒரு கிளட்ச், ஆக்சில் பக்கம் ஒன்று, நடுவே பெல்ட். இன்ஜினை நிறுத்தி ஆக்சில் பக்கக் கிளட்ச்சைப் பாருங்கள். பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே அமுங்கியிருந்தால் பெல்ட் தேய்ந்து ஒல்லியாகிவிட்டது. வண்டிக்கு முதல் கியர் போய்விட்ட மாதிரி. புல்லி முகங்களை பிரேக் கிளீனரால் துடையுங்கள். வழுக்காமல் இருக்கப் பெல்ட்டில் எதையாவது தடவுவதும், கிளட்ச்சுக்குள் கிரீஸ் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

வண்டி ஓடுகிறதா? இப்போது பிரேக். பெரும்பாலும் பின் சக்கரம் இரண்டில் மட்டும், கேபிளால் இழுக்கும் டிரம் பிரேக்தான். ஷூ, ஸ்பிரிங், கேபிள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். முன்னால் சக்கரம் திரும்பும் கிங் பின் புஷ், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல்தான் உங்கள் ஆசைகள். வழக்கமான டயர் 18 அங்குலம். 22 அங்குலம் மாட்டினால், ஆக்சில் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி சுமார் 22 சதவீதம் வேகமாகப் போகும்; தரையில் கிடைக்கும் இழுவை 18 சதவீதம் குறையும். அதனால் பெரிய டயரோடு ஆக்சில் பக்கக் கிளட்ச்சுக்குக் கடினமான ஸ்பிரிங்கும் போட்டாக வேண்டும். லிஃப்ட் கிட் போட்ட பிறகு முன் சக்கரங்களின் டோ-இன்னை (முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவை) சரிசெய்யாவிட்டால் புது டயர் சீக்கிரமே ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் போய், மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். வலுவான லீஃப் ஸ்பிரிங் வண்டி அமுங்காமல் தாங்கும், அவ்வளவுதான். மேட்டில் மெதுவாகத்தான் போக வேண்டும்.

வேகம் கூட்டப் பலர், இன்ஜின் அளவு மீறிச் சுற்றாமல் தடுக்கும் கவர்னரைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அது தறிகெட்ட வேலை. இன்ஜின் அளவு மீறிச் சுற்றினால் கனெக்டிங் ராட் உடைந்து கிராங்க் கேஸையே துளைக்கும். அதற்குப் பதில் கவர்னர் ஸ்பிரிங்கின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு. இருப்பதோ பின் பிரேக் மட்டும்.

பெரிய இன்ஜின்? 18 குதிரைத்திறனுக்கு மேலுள்ள வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) இன்ஜினை இந்த வண்டிகளில் பொருத்துகிறவர்கள் உண்டு. மவுண்ட், சைலன்ஸர், கிளட்ச், வயரிங், த்ராட்டில் என்று எல்லாமே மாறும்; ஆக்சிலும் பிரேக்கும் பழையதாகவே இருக்கும். உங்கள் இன்ஜினில் கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் அந்தப் பணத்தைக் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். கம்ப்ரஷன் இல்லையென்றாலும் ரிங், வால்வு, கேஸ்கெட் மாற்றி அதே இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதுதான் என் சிபாரிசு.