பல்செட்டும் பேச்சும்: கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு மேலும் கீழும் முழு செட் போட்டு ஐந்து நாள். 'பஸ்' என்றால் விசில் அடிக்கிறது.

ப: 'ஸ' சொல்ல, நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பக்கம் ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு வாய்க்கால் விடும், காற்று அதன் வழியே போய் முன்பல்லில் மோதும். இப்போது அண்ணத்தை சுமார் 2 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தகடு மூடியிருக்கிறது. நாக்கோ பழைய கணக்கிலேயே எழும்புகிறது. வாய்க்கால் குறுகினால் விசில், அகன்றால் 'ஷ'. தினம் கால் மணி நேரம் செய்தித்தாளை மெதுவாக, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். அப்புறமும் நிற்காவிட்டால், முன்பல்லுக்குப் பின்பக்கக் கனத்தை டாக்டர் மாற்றித் தருவார். வீட்டில் அரம் போடாதீர்கள்.

கே: 'ழ' வராவிட்டால் செட் அளவு தப்பு என்கிறார்களே?

ப: அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சொந்தப் பல் முழுசாக இருப்பவர்களிலேயே எத்தனை பேர் 'வாளைப்பளம்' என்கிறார்கள்!

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா செட் போடுவதற்கு முன் 'ழ' சுத்தமாகச் சொன்னவர்.

ப: அப்படியானால் செட்டைச் சந்தேகிக்கலாம். 'ழ'வுக்கு நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை நெருங்கும், ஒட்டாது. தகடு கனத்தால் இடம் போதாமல் முட்டி 'ள' ஆகிவிடும். ஆனால் 'ட', 'ண' ஒட்டியே பிறப்பவை. அவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். அவையும் மழுங்கினால் தகட்டைக் காட்டுங்கள். அவை தெளிவாக இருந்து 'ழ' மட்டும் தடுமாறினால் பழக்கம்தான் பாக்கி. 'ஆஃபீஸ்' குழறினால் வேறு கதை: மேல் முன்பல் நுனி கீழுதட்டைத் தொடும் இடம் தவறியிருக்கும்.

கே: பேசும்போது 'டக் டக்' சத்தம்.

ப: ஒன்று, பல்லின் உயரம் அதிகம், 'ஸ' சொல்லும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 1–2 மி.மீ. இடைவெளி வேண்டும், அது இல்லாமல் மோதுகின்றன. இன்னொன்று, செட் தளர்ந்து கீழே இறங்குகிறது. பழைய செட் என்றால் தாடை எலும்பு தேய்ந்திருக்கும். உட்பக்கம் புது அடுக்கு போட வேண்டும்.

கே: விசில் சத்தத்துக்கு என்ன வழி?

ப: முதல் பதில்.

கே: கீழ் செட் நாக்கோடு எழும்புகிறது.

ப: நாக்கைப் பின்னுக்கு இழுத்து வைப்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும். சும்மா இருக்கும்போது நுனி கீழ் முன்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டபடி இருக்கட்டும். அப்படியும் எழும்பினால் நாக்குப் பக்க விளிம்பு நீளமாகவோ, பற்கள் உள்தள்ளியோ இருக்கலாம். பசையை அப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கே: உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால்?

ப: அரமும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். விளிம்பு போனால் பிடிமானமே போச்சு.

கே: இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் பல்) என்ன விலை?

ப: உங்கள் பல் டாக்டரிடம் கேளுங்கள்.

கே: இரவில் கழற்றலாமா?

ப: கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும்.