‘க’ வராமல் ‘த’ வருகிறதே, நாக்கை எங்கே வைக்கச் சொல்வது?

கேள்வி கோபிசெட்டிபாளையத்திலிருந்து: நாலரை வயதுப் பையன் காங்கேயத்தைத் ‘தாந்தேயம்’ என்கிறானாம்.

‘த’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் ஒட்டும். ‘க’வுக்கு நுனி சும்மா கிடக்க, பின்நாக்கு எழுந்து, மேல்வாயின் பின்பக்கம் மெத்தென்றிருக்கும் மென்அண்ணத்தை அடைக்கும். பையனுக்கு நுனிதான் முந்திக்கொள்கிறது.

முதலில் ‘கட்டு’, ‘தட்டு’ இரண்டும் காதில் வேறாக விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கண்ணாடி முன் வாயைத் திறக்கச் சொல்லி, சுத்தமான ஐஸ் குச்சியால் நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மெல்ல அழுத்தி ‘அக்’ சொல்ல வையுங்கள். நுனி எழ வழியில்லாததால் பின்நாக்கு எழும். பழகியதும் குச்சியில்லாமல் ‘அக்கா’, ‘காக்கா’. மல்லாக்கப் படுத்துச் சொன்னாலும் சிலருக்குச் சட்டென வரும்.

மூன்று வயதில் இது சகஜம். நாலைத் தாண்டியும் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) காட்டுங்கள், செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லும் அம்மிச்சிகளிடம் மட்டும் சிரித்து நழுவிவிடுங்கள்.