அம்மாவின் சங்கிலியை அடகு வைக்காதீர்கள்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க ஹட்டனுக்கு வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு மோசமில்லை, ஆனால் பொறியியலுக்குப் போதாது. கொழும்பில் கடை வைத்திருக்கும் பெரியப்பா, தனியார் நிறுவனமொன்றில் மென்பொருள் பட்டத்துக்கு இடம் பார்த்துவிட்டாராம். முதல் தவணைக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகிறது.

“பயப்படாதீங்க அண்ணே” என்றுதான் பேச ஆரம்பித்தேன். சங்கிலிக் கதை வந்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அதைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். இரண்டு பேரின் நாட்சம்பளத்தில் ஓடும் வீடு வருடக்கணக்காகத் தவணை கட்ட முடியாது. ஒரு தவணை தவறினால் பிள்ளை பாதியில் வீட்டுக்கு வந்துவிடும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பாவுக்குப் பிள்ளைமேல் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடனைக் கட்டப்போவது அவர் இல்லை.

மருத்துவம், பொறியியல் பற்றி ஊரே பேசுகிறது. அதை விடுங்கள். அந்தப் பிள்ளை கையில் கொண்டுவந்த கொப்பியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

மாமா மகனின் பழைய மடிக்கணினியில் ஆக்டேவ் போட்டிருக்கிறாள். பொறியியலாளர்கள் கணக்குச் செய்யும் மேட்லேப் மென்பொருளைப் போலவே எழுதக்கூடிய கணக்கு மொழி, காசு கட்டத் தேவையில்லை. அம்மாவின் கொழுந்துக் கணக்கை அதில் தாயமாக, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் மேட்ரிக்ஸாக, எழுதிப் பார்த்திருக்கிறாள்: நிரைக்கு (கிடை வரிசைக்கு) ஓர் ஆள், நிரலுக்கு (நெடு வரிசைக்கு) கொழுந்து பறிக்கும் ஒரு மலை. ஓர் ஆள் ஒன்றிரண்டு மலையில்தானே பறிப்பார், மீதி இடமெல்லாம் பூச்சியம். இப்படிப் பூச்சியம் நிறைந்ததை ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்பார்கள். நான் ஐதான தாயம் என்பேன். பூச்சியங்களை விட்டுவிட்டு, பெறுமானம் உள்ள இடங்களை மட்டும் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும்.

அவளுக்கு இரண்டு சிக்கல். ஒரே ஆள் ஒரே மலையில் இரண்டு வேளையும் பறித்தால், மாலை நிறுவையை எழுதும்போது காலை நிறுவை அழிந்துபோனது. அப்புறம், கணக்கைப் பெருக்கி 10,000 நிரை, 10,000 நிரல் என்று வைத்து, 50,000 பெறுமானங்களை லூப் போட்டு ஒவ்வொன்றாக எழுதியபோது இழுத்துக்கொண்டே போனது. ஏன் என்று கேட்டுத்தான் கொப்பியை நீட்டினாள்.

ஆக்டேவ் பெறுமானங்களை நிரல் நிரலாக நெருக்கி அடுக்கி வைக்கும். நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறுவைக்கும் பேரேட்டை முதலிலிருந்து எழுதுவாரா? துண்டில் குறித்துக்கொண்டு கடைசியில் ஒரே தடவையில் ஏற்றுவார். இங்கேயும் அதே முறைதான். ஆள் எண்கள் ஒரு பட்டியல், மலை எண்கள் ஒரு பட்டியல், கிலோ ஒரு பட்டியல். மூன்றையும் சேர்த்து ஸ்பார்ஸ் என்ற கட்டளைக்கு ஒரே தடவையில் கொடுத்தால் போதும். ஒரே இடத்துக்கு இரண்டு பெறுமானம் வந்தால் தானாகவே கூட்டிவிடும். காலை நிறுவையும் அழியாமல் தப்பியது. அதே தாயத்தை முழுசாக வைத்தால் 100 மில்லியன் இடங்களுக்கு 800 மெகாபைட் வேண்டும். ஐதானதாக வைத்தால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும்.

இது வெறும் விளையாட்டு இல்லை அண்ணே. லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து மலை ஏறி இறங்கிப் போகும் மின்கம்பிகளைப் பாருங்கள். ஒவ்வொரு துணைமின் நிலையமும் இன்னும் சிலவற்றோடு மட்டும்தான் இணைந்திருக்கும். அந்த வலையமைப்பைக் கணக்கிடும் தாயமும் ஐதானதுதான். 1960களிலேயே அமெரிக்காவில் வில்லியம் டின்னி என்ற மின்பொறியியலாளர் இந்தப் பூச்சியங்களைப் பயன்படுத்தித்தான் பெரிய மின்வலைக் கணக்குகளைச் செய்து காட்டினார்.

இதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை: பேராதனை விஞ்ஞான பீடம், பௌதிக விஞ்ஞானம். கணிதத்துக்கு ஒரு துறை, புள்ளிவிபரவியலுக்கும் கணினி விஞ்ஞானத்துக்கும் இன்னொரு துறை. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை. வெட்டுப்புள்ளியும் பொறியியலைவிடக் குறைவு. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கும் 5 வீத இடங்களுக்கு நுவரெலியாவும் சேரும். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவு வரும்தான், மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். அந்த வரிசையைப் பெரியப்பா எழுதக்கூடாது, நீங்களும் எழுதக்கூடாது, நானும் எழுதமாட்டேன். பிள்ளை எழுதட்டும். பெரியப்பாவுக்கு இன்றைக்கே போன் போட்டு, முற்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.