ரிவ்யூ பார்த்து சிசிடிவி கேமரா வாங்கலாமா? வாங்கியதை நாமே எப்படிச் சோதிப்பது?

வாசல் கேட்டைப் பார்க்க 4 மெகாபிக்சல் கேமரா வேண்டும், ஒரு மாடலுக்கு 4.3 ஸ்டார் இருக்கிறது, வாங்கலாமா என்பது கேள்வி. அந்த 4.3-ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே, பகல் வெளிச்சத்தில், அசையாத பூந்தொட்டியைப் பார்த்துவிட்டுப் போடுகிற ஸ்டார்தான் அதில் அதிகம். உங்களுக்கு வேண்டியது இரவில் நடந்து வருகிற ஆளின் முகம்.

ரிவ்யூக்களில் 3 ஸ்டார் போட்டவர்களை முதலில் படியுங்கள். குறையையும் நிறையையும் சேர்த்துச் சொல்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். 'டெலிவரி சூப்பர்', 'பேக்கிங் அருமை' எல்லாம் கணக்கில் சேராது. ஒரே பக்கத்தில் 2 எம்பி (மெகாபிக்சல்), 4 எம்பி, வைஃபை மாடல் எல்லாவற்றின் ரிவ்யூக்களும் கலந்து கிடக்கும். எந்த மாடலுக்கு எழுதியது என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். ஆறு மாதம் கழித்து எழுதியது ஒன்று கிடைத்தால் அது பத்து ரிவ்யூவுக்குச் சமம். இரவு விளக்கு செத்தது, கண்ணாடிக்குள் ஈரம் கோத்தது, மெமரி கார்டு போனது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். யூடியூப் வீடியோவை வைத்துப் படத்தின் தரத்தை எடை போட வேண்டாம். ஏற்றும்போதே யூடியூப் அதை மறுபடி சுருக்கிவிடும், இருட்டுக் காட்சியில் முதலில் அடிபடுவது நுணுக்கம்தான். அவர் சோதித்தது எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொல்லாவிட்டால் அந்த வீடியோவால் உங்களுக்குப் பயனில்லை.

ஏனென்றால் மெகாபிக்சலை விட லென்ஸ் முக்கியம். 2.8 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். 5 மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட 12 மீட்டர் அகலக் காட்சி. 4 மெகாபிக்சல் படத்தின் அகலமான 2560 பிக்சலை அந்த 12 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 213 பிக்சல்தான். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பின்படி, முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்த ஆளா என்று சொல்ல 125. யாரோ நிற்கிறார் என்று சொல்ல 25 போதும். ஆக, 2.8 மிமீ கேமரா சுமார் 4 மீட்டர் வரைக்கும்தான் அந்நியர் முகத்துக்கு உதவும். கேட் 6 மீட்டரில் இருந்தால் 4 மிமீ, 10 மீட்டர் என்றால் 6 மிமீ.

இதை நீங்களே சரிபார்க்கலாம். சுவரில் துளை போடாமல், கேமராவை ஏணியில் கேபிள் டை போட்டுக் கட்டி, மாட்டப் போகும் உயரத்தில் நிறுத்துங்கள். கேட் அருகே ஒருவரை ஒரு மீட்டர் குச்சியைப் படுக்கையாகப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். மொபைல் ஆப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். ஆப் பெரும்பாலும் காட்டுவது தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம். ரெக்கார்டரிலிருந்தோ கார்டிலிருந்தோ முழுத்தர வீடியோவை எடுத்து, ஒரு படத்தை கம்ப்யூட்டரில் பெயிண்டில் திறந்து, குச்சியின் இரு முனைகளிலும் மவுஸை வைத்தால் கீழே எண் வரும். கழித்துப் பாருங்கள். வருவதுதான் உங்கள் கேட்டில் உண்மையான பிக்சல் கணக்கு.

உயரமும் ஏமாற்றும். 10 அடிக்கு மேலே மாட்டினால், கிட்டே வந்தவரின் தொப்பி மட்டும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து இரவு. இங்கேதான் பெரும்பாலான கேமராக்கள் தோற்கும். போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு ஒருவரை இயல்பான வேகத்தில் கேட்டிலிருந்து கதவு வரை நடக்கச் சொல்லுங்கள். பிறகு குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நிற்கும்போது பளிச்சென்று தெரிந்த முகம் நடக்கும்போது தீற்றலாகிவிடும். இருட்டில் கேமரா ஷட்டரை 1/12 நொடி வரை திறந்து வைக்கும். நடப்பவர் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர் போவார். அந்த நேரத்தில் 12 செமீ நகர்ந்துவிடுவார். ஒரு முகத்தின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ராத்திரியிலும் கலர் என்று விளம்பரம் செய்கிற கேமராக்கள் ஆளில்லாத தெருவைக் காட்டுவதன் ரகசியம் இதுதான். செட்டிங்கில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று கட்டுப்படுத்துங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த எண்களில் பல்பு வெளிச்சம் வரிவரியாக ஆடாது. படம் இருண்டால், விலை கூடிய கேமராவுக்குத் தாவும் முன் வாசலில் 9 வாட் எல்இடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சுவரோ சன்ஷேடோ லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால் கேமரா இரவில் வீசும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்கப் புகை மூட்டமாகும். சிலந்தி வலையும் இதே வேலையைச் செய்யும். நம்பர் பிளேட் தெரிய வேண்டுமென்றால் பைக்கையும் ஓட்டிப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு நம்பர்) பிளேட் ஒளியைத் திருப்பியடிக்கும். ஐஆரில் வெள்ளைக் கட்டியாகத்தான் தெரியும். முகத்துக்கு ஒரு கேமரா, பிளேட்டுக்கு ஒரு கேமரா என்று வைப்பதே நடைமுறை.

பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் கேமரா விட்டுவிட்டு ரீஸ்டார்ட் ஆனால் கேமராவைத் திட்டாதீர்கள். ஐஆர் விளக்கு எரிய ஆரம்பித்ததும் மின்சாரம் அதிகம் இழுக்கும். தாமிரம் பூசிய அலுமினிய மலிவுக் கேபிளாக இருந்தால் நீளத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும். முழுத் தாமிர கேட்-6 (Cat-6) நெட்வொர்க் கேபிள் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆள் வந்தால் மொபைலுக்கு வரும் அலெர்ட்டைச் சோதிக்க: 20 தடவை நடந்து, எத்தனை வந்தது, எத்தனை நொடியில் வந்தது என்று தாளில் குறியுங்கள். பேட்டரி கேமராவில் இருக்கும், உடம்புச் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் குறுக்கே போகிறவரை எளிதில் பிடிக்கும். நேராக வருகிறவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். மே மாத வெயிலில் சுற்றுப்புறமும் உடம்புச் சூட்டுக்கு அருகில் போய்விட்டால் இன்னும் மந்தமாகும்.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டும் பதிவு ஓடுகிறதா பாருங்கள். மெயினை இரண்டு நிமிடம் அணைத்துப் போட்டு, தேதியும் நேரமும் சரியாகத் திரும்புகிறதா பாருங்கள். பதிவைச் சேமிக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு: ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்தில் நாளொன்றுக்கு 43 ஜிபி தின்னும்; 1 டிபி டிஸ்க் 23 நாள்தான் தாங்கும்.

'பதிவெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும், வெளியே போகாது' என்ற கம்பெனி வாக்குறுதியை ஸ்டார் ரிவ்யூ சோதிக்காது. யூஃபி என்ற பிராண்டின் கேமராக்கள் முகப் படங்களை கிளவுடுக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்தான் கண்டுபிடித்தார். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குச் சைபர் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். வாங்கும் மாடல் எண்ணுக்கு அந்தச் சான்று உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் ரிட்டர்ன் தேதிக்குள் முடிக்க வேண்டும். பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.