நுகர்வோர் கேள்வி-பதில்: பல் எக்ஸ்ரே எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பல் மருத்துவமனை பில்லைப் பற்றியும் எக்ஸ்ரேயைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மேல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப்பும் போட்டேன். எட்டு மாதத்தில் மறுபடி வலி. வேறு டாக்டர் சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) பார்த்துவிட்டு, “ஒரு கால்வாய் விட்டுப்போயிருக்கிறது” என்கிறார். முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒரே பல்லுக்கு இரண்டு முறை வலியும் இரண்டு முறை செலவும் கொடுமைதான். ஆனால் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் ஒன்று சுத்தம் செய்யாமல் விட்டுப்போனது என்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது.

மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர். கன்னப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு கால்வாய்கள் ஓடுகின்றன. அந்த இரண்டாவதைத்தான் டாக்டர்கள் ‘எம்பி2’ என்கிறார்கள். அதன் வாய் மிகக் குறுகல். பல நேரம் மேலே பல்திசு வளர்ந்து மூடியும் இருக்கும். சாதாரண எக்ஸ்ரே வெறும் நிழல்தான். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கால்வாயும் அதில் ஒரே கோடாக விழுந்துவிடும். சூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பிறகு பல்லைக் கரைத்து, உள்ளே கால்வாய்கள் எப்படிக் கிளை பிரிந்து ஓடுகின்றன என்று காட்டினார். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒழுங்கான படம் மாதிரி எல்லாப் பல்லும் இருப்பதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்தார்களா? கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்தார்களா? கூடுதல் கால்வாய் இருக்கலாம் என்று உங்களிடம் சொன்னார்களா? இதற்கெல்லாம் ஆம் என்றால், மறுசிகிச்சையைக் கட்டணம் குறைத்துச் செய்து தரும்படி கேளுங்கள். ஒரு படம்கூட எடுக்காமல் பல்லை அடைத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டாவது டாக்டர் வாயால் சொன்னது அங்கே எடுபடாது. எழுதி, கையெழுத்துடன் வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பல் சொத்தைக்காக ஒரே வாரத்தில் மூன்று சின்ன எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். இரவில் தூக்கமே வரவில்லை. (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் சென்சரில் எடுக்கும் சின்னப் படம் ஒன்றுக்குச் சில மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சுதான் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. அதாவது நாளுக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். மூன்று படமும் சேர்ந்தால் சில நாட்கள் சும்மா வீட்டில் இருந்தால் வருகிற அளவுதான். அடுத்த முறை, “மிஷினில் குழந்தைக்கான அளவு வைத்தீர்களா?” என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே எடுக்கும்போது ஈய ஏப்ரன் போடவில்லை. கேட்டதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? (சேலம்)

பதில்: இதற்கு வழக்கு வேண்டாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-இல், பல் எக்ஸ்ரேக்கு ஏப்ரனும் கழுத்தில் கட்டும் தைராய்டு பட்டையும் வழக்கமாகப் போடத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. இன்றைய கருவிகளில் கதிர் குறுகலாக, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறது. ஏப்ரன் குறுக்கே வந்து படத்தைக் கெடுத்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டிவரும். மனத்துக்குத் தெம்பு வேண்டுமென்றால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கன்னத்தில் வைக்கும் குழாயின் வாய் வட்டமா, செவ்வகமா என்று பாருங்கள். சென்சர் செவ்வகம், கதிரும் அதே வடிவத்தில் வந்தால், வட்டக் குழாயோடு ஒப்பிடும்போது உடம்பில் விழும் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் வாங்கி வைப்பார்கள்.

கேள்வி: ஐந்து மாத கர்ப்பம். பல்வலி தாங்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: சிகிச்சைக்குத் தேவை என்றால் எடுக்கலாம், கர்ப்பம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, இன்றைக்கே போங்கள்.

கேள்வி: இம்பிளான்ட்டுக்காக (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) முழுத் தாடைக்கும் சிபிசிடி எடுத்தேன், 4,000 ரூபாய். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால், “இந்தப் பிரின்ட் போதாது, மறுபடி எடுத்து வாருங்கள்” என்கிறார். முதல் இடத்தில் ஃபைலைக் கேட்டால் தர மாட்டோம் என்கிறார்கள். (மதுரை)

பதில்: இந்தப் பத்தியில் நான் சளைக்காமல் எழுதிவரும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிபிசிடி என்பது ஒரு படம் அல்ல. கருவி உங்கள் தலையைச் சுற்றிவந்து நூற்றுக்கணக்கான படங்களைப் பிடித்து, அவற்றிலிருந்து தாடையை முப்பரிமாணத்தில் கட்டுகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டிப் பார்க்கலாம், எலும்பின் கனத்தை அளக்கலாம், கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடலாம். இவ்வளவும் ‘டைகாம்’ என்ற வடிவக் கோப்பில்தான் இருக்கிறது. உங்கள் கையில் கொடுத்த பளபளப்புத் தாளில் அதிலிருந்து யாரோ தேர்ந்தெடுத்த சில வெட்டுகள் மட்டும்தான். அதை வைத்து இரண்டாவது டாக்டர் எதையும் அளக்க முடியாது. அவர் மறுபடி எடுக்கச் சொன்னதில் தப்பில்லை. முதல் இடத்தில் செய்தது தப்பு.

நீங்கள் இழப்பது 4,000 ரூபாய் மட்டுமில்லை. ஒரு பல்லைச் சுற்றி மட்டும் எடுக்கும் சிறிய சிபிசிடிக்குப் பெரும்பாலும் சில பத்து மைக்ரோசீவர்ட் போதும். முழுத் தாடை, முழு முகம் என்று பரப்பு பெருகினால் அது நூற்றுக்கணக்கில் போகலாம். ஒரே ஆளுக்கு ஒரே தாடையை இரண்டு முறை எடுப்பதால் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. மருத்துவப் பயன் இல்லாத கதிர்வீச்சு எவ்வளவு குறைவானாலும் அதை உடம்பில் வாங்கக் கூடாது. இது கதிர்வீச்சுப் பாதுகாப்பின் முதல் விதி. ஒரு ஃபைலைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதால் அந்த விதி தினமும் மீறப்படுகிறது. நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நானும் ஒரு ஸ்கேன் சென்டரில் பணம் கட்டி ஒரு சிடி வாங்கி வந்தேன். வீட்டுக் கணினியிலும் திறக்கவில்லை, டாக்டரின் கணினியிலும் திறக்கவில்லை. திரும்பிப் போனபோது, பழைய பதிவை அழித்துவிட்டோம் என்றார்கள். பணம் போனது போனதுதான்.

அதனால், பணம் கட்டும் முன்பே, “டைகாம் ஃபைல் தருவீர்களா? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது யார்?” என்று கேளுங்கள். முழுத் தாடை தேவையா, அந்த ஒரு பகுதி போதுமா என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். பென் டிரைவ் கொண்டுபோய், அங்கேயே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் விஷயத்தில், முதல் கிளினிக்குக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதுவரை இரண்டாவது ஸ்கேனுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: முகநூல் விளம்பரம் பார்த்து ஆறு இம்பிளான்ட்டுக்கு இஎம்ஐ கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. பில்லும் இல்லை. இப்போது என்ன செய்வது? (கோயம்புத்தூர்)

பதில்: ஃபிரிட்ஜ் வாங்கினால் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். தாடை எலும்பில் ஆறு இடத்தில் துளை போட ஒரு விளம்பரம் போதுமா? எலும்பின் உயரமும் அகலமும் தெரியாமல் யாரும் இம்பிளான்ட்டுக்கு விலை சொல்ல முடியாது. சிகிச்சை தொடங்கவில்லை என்றால் இன்றே எழுத்தில் நிறுத்துங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நகல் அனுப்புங்கள். தொடங்கிவிட்டது என்றால், பொருத்தியதன் கம்பெனி பெயர், தொகுதி எண் ஒட்டிய அட்டை, பில் மூன்றையும் கேட்டு வாங்காமல் அடுத்த முறை நாற்காலியில் உட்காராதீர்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவச ஓபிஜி எக்ஸ்ரேயுடன் (எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) குடும்பப் பேக்கேஜ் தருகிறார்கள். சேரலாமா? (வேலூர்)

பதில்: வேண்டாம். முதலில் டாக்டர் வாயைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே வேண்டுமா என்பதை அதற்கப்புறம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பிடிஎஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிடுங்கிய பற்களின் வேர் அமைப்பைப் படிக்க, கையில் பிடிக்கும் பழைய எக்ஸ்ரே கருவி ஒன்றை ஆன்லைனில் 35,000 ரூபாய்க்குப் பார்த்தேன். ஹாஸ்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். (மாணவர், சென்னை)

பதில்: வாங்காதே தம்பி. இந்தியாவில் எந்த எக்ஸ்ரே கருவியையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது. கருவியின் மாடலுக்கு அங்கீகாரம் வேண்டும், வைக்கும் இடத்துக்குப் பதிவு வேண்டும். ஹாஸ்டல் அறைக்கு அது கிடைக்காது. அதோடு, யாரோ விற்ற பழைய கருவியின் குழாயில் கசிவு இருக்கிறதா என்பதை நீயே சோதிக்க முடியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் ஒப்புதல் கொடுத்தவனும் இல்லை.

உன் ஆர்வம் நல்ல ஆர்வம். அதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. பிரேசிலின் ரிபெய்ராவ் பிரேத்தோ பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், பிடுங்கிய பற்களை மைக்ரோ சிடியில் (மிக நுணுக்கமாகப் படம் பிடிக்கும் ஆய்வக ஸ்கேன்) எடுத்து, வேர்க்கால்வாய்களின் முப்பரிமாணப் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்க வைத்திருக்கிறார்கள். உயிருள்ளவர்கள் மேல் வைக்க முடியாத அளவுக்குக் கதிர் கொடுத்து, மைக்ரான் நுணுக்கத்தில் எடுக்கப்பட்டவை. எம்பி2 எங்கே பிரிகிறது, எங்கே மறுபடி சேர்கிறது என்பதை அதில் பார்த்துவிட்டு, உன் கல்லூரியின் கதிரியல் துறையில் அனுமதி கேட்டு, அதே மாதிரிப் பல்லை இரண்டு கோணத்தில் எடுத்துப் பார். படம் எடுக்கப் பழக வேண்டுமென்றால் மண்டையோட்டு மாதிரி பொம்மையில் பழகு. நண்பர்கள் ஒருவருக்கொருவர் வாயில் சென்சர் வைத்துப் பழகுவது கூடவே கூடாது. 35,000 ரூபாயை நல்லதொரு உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு எடுத்து வை. இறுதி ஆண்டில் தேவைப்படும்.