நகைக்கடை விளம்பரத்தில் நான் எடுத்த கல்யாண போட்டோ: வழக்கு போடலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் கேண்டிட் போட்டோகிராஃபராக இருக்கிறேன். தை மாதக் கல்யாணம் ஒன்றில் எடுத்த மணப்பெண் படத்தை என் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். ஒரு நகைக்கடை என் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு அதை விளம்பரமாகப் போட்டிருக்கிறது. பெண் வீட்டாரும் பாக்கி 35,000 ரூபாய் தராமல் இழுக்கிறார்கள், ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. கடை மேல் காப்பிரைட் வழக்கு போடலாமா?

பதில்: கேட்டால் கோபம் வரும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் காப்பிரைட் பெரும்பாலும் உங்களுடையது இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(b)படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். கேமராவும் லென்ஸும் உங்களுடையதாக இருந்தாலும் இதுதான் நிலை. அட்வான்ஸ் வாங்கும்போது "காப்பிரைட் ஸ்டூடியோவுக்கே" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் கதையே வேறு. நம் ஊரில் பாதிப் பேர் பில் புக்கில் தேதியும் தொகையும் எழுதுவதோடு சரி. (அந்த வரி இல்லாமல் நீங்கள் இன்ஸ்டாவில் போட்டதற்கும் எடுக்கச் சொன்ன பெண் வீட்டாரின் சம்மதம் வேண்டும். கேட்டீர்களா?)

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். படம் எடுத்தவர்தான் சட்டப்படி அதன் 'ஆசிரியர்'. காப்பிரைட் யாரிடம் இருந்தாலும், இது நான் எடுத்தது என்று உரிமை கோர பிரிவு 57 இடம் தருகிறது, அதனால் பெயரை வெட்டியதற்காக நீங்களே நோட்டீஸ் அனுப்பலாம். படத்தைப் பயன்படுத்தியதற்கான நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் பெண் வீட்டாரிடம் இருக்கிறது. அவர்கள் கை இன்னும் பலமானது. 1994-இல் நக்கீரன் தொடர்பான ராஜகோபால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாமல் ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறும் செயல் என்று சொல்லிவிட்டது.

ஆகவே பெண் வீட்டாரோடு சண்டை போடுவதை விட உட்கார்ந்து பேசுவதுதான் புத்திசாலித்தனம். பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, படங்களின் உரிமையை உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில், அவர்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 வருஷம் என்றும், எந்த ஊருக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டையும் எழுதிவிடுங்கள். நகைக்கடை ஏற்கெனவே செய்ததற்கு வழக்கு போடும் உரிமையும் உங்களுக்கே என்று ஒரு வரி சேருங்கள். அதையும் மீறி தகராறு வரலாம் என்பதால், கடைக்கு அனுப்பும் நோட்டீஸில் அவர்களையும் கூடவே கையெழுத்துப் போட வையுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் வழக்கு. வேலையை முடித்த நாளிலிருந்து 3 வருஷம் வரை நேரம் இருக்கிறது. ஆனால் பணம் தந்தால்தான் ஆல்பம் என்று முதலிலேயே பேசியிருந்தால் ஒழிய, அதைக் காரணமே சொல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், அவர்கள் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்கள். வாட்ஸ்அப்பில் விலை பேசியதும் அட்வான்ஸ் வந்த ஜிபே ரசீதும் உங்களுக்குச் சாட்சி. நீதிமன்றத்தில் அவற்றைக் காட்ட பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழும் வேண்டும். கடையின் விளம்பரத்தை லிங்க், தேதியோடு இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போன மறுநாளே அழித்துவிடுவார்கள். ரா ஃபைல் (கேமராவில் பதிவான அசல் படம்) இருக்கும் ஹார்ட் டிஸ்கை வழக்கு முடியும்வரை ஃபார்மேட் பண்ணிவிடாதீர்கள்.