ஜன்னல் கழுவும் வேனில் தண்ணீரை ஏன், எப்படிச் சூடாக்குகிறார்கள்?

நீளமான கம்பின் நுனியில் பிரஷ் மாட்டி, வேனில் உள்ள டேங்கிலிருந்து சுத்திகரித்த தண்ணீரைப் பாய்ச்சி உயரமான ஜன்னல்களைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரை ஹோஸுக்குள் போகும் வழியிலேயே சூடாக்குவதுதான் வேன் ஹீட்டரின் வேலை.

எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரம் வெந்நீர் பட்டதும் சீக்கிரம் சுத்தமாகும் இல்லையா? கண்ணாடியில் காய்ந்த பறவை எச்சமும் புகைப் படிவும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஹோஸும் விறைக்காது.

பேட்டரியிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். கணக்கு உதைக்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸ் கூட்ட, சுமார் 4.2 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 350 ஆம்பியர்! அதனால்தான் டீசல் அல்லது கேஸ் ஹீட்டர். இல்லையென்றால், வேன் நிற்கும் இடத்து மின்சாரத்தில் இரவே டேங்கைச் சூடாக்கி வைக்கலாம். டீசலோ கேஸோ, புகை வேனுக்கு வெளியேதான் போக வேண்டும்; அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. அப்புறம், உறைபனி பிடித்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

சூடு இருந்தால் கண்ணாடி திட்டில்லாமல் காயும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரிலிருந்து உப்புகளை நீக்கியதால் வருவது, சாதாரணக் குழாய்த் தண்ணீரை எவ்வளவு சூடாக்கினாலும் வெள்ளைப் புள்ளிகள் விழத்தான் செய்யும்.